பதினைந்தாவது காலடி

லா ரெயின் எஸ்டேட், தெற்கு டிரினிடாட்
14 செப்டம்பர் 1975

கார்லைல்,

நீ அமெரிக்கா போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. உன் அம்மாவுக்கு இரண்டு கடிதம் வந்துவிட்டது. இரண்டையும் நான்தான் படித்துக் காட்டினேன். உன் அம்மா மிஸ் எனித் என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டெக்ஸாஸ் வெயில், கல்லூரிச் சாப்பாடு, தட்டில் விழும் மாட்டிறைச்சித் துண்டின் அளவு, எல்லாம் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி: ஆல்பனை விசாரித்ததாகச் சொல்லவும். சின்ன வயதிலிருந்து என் சமையலறையில் என் தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் நீ. அவனை விசாரித்தாயாம். சரி, சொல்லிவிட்டேன்.

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. இனி அசையாது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். முதுகில் புண் வராமல் இருக்க அவனைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் நான் பிடித்தால் மறுபக்கம் உன் அம்மா பிடிக்கிறார். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறேன். ஊட்டுவது, துடைப்பது, மலம் அள்ளுவது எல்லாம் பழகிவிட்டது. அதைப்பற்றி நான் யாரிடமும் புலம்புவதில்லை.

பழகாதது ஒன்றுதான். அவன் எண்ணுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்து பதினாலில் நிறுத்திவிடுவான். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒன்றிலிருந்து. எதற்கென்று உனக்குத் தெரியும். நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே பதினைந்து காலடி. நீங்கள் இருவரும் கரும்புத் தோட்டத்து வழியில் அதை எண்ணி எண்ணித்தான் என் காதைத் தின்றீர்கள். ஈஸ்டர் திங்களன்று பந்தயத்தில் ஏழாவது தடை அவனுக்குப் பதினாலாவது காலடியிலேயே வந்துவிட்டதாம். “எங்கேயோ ஒண்ண முழுங்கிட்டேன் லிஸ். குழந்தை கூட பதினஞ்சு எண்ணும்” என்கிறான். தன் கழுத்தைத் தானே முறித்துக்கொண்டதாக நினைக்கிறான் கார்லைல். உடம்பு போனது போதாதென்று இது வேறு.

நான் அன்று மைதானத்தின் அந்த வளைவில்தான் தொண்டராக நின்றேன். மழை விட்டதும் அடித்த காற்றில் அவன் பாதையில் ஒரு தடை சாய்ந்துவிட்டது. ஓடிப்போய் நிமிர்த்தி வைத்து, கட்டையில் ஒட்டிய சேற்றை என் பாவாடையாலேயே துடைத்தேன். தம்பி தாண்டப் போகிற கட்டை ஆயிற்றே. நீ கூட அந்தப் பக்கம் ஓடிப் பழகிக்கொண்டே கையசைத்தாய். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவன் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அவன் ஓடும்போது கண்ணை மூடி ஜெபிப்பது என் வழக்கம். சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்.

நீ இரண்டாம் பாதை, அவன் மூன்றாம் பாதை. உனக்கு முன்னால்தான் ஓடினான். உன் கண் முன்னால்தான் விழுந்தான். நீ நிற்காமல் ஓடி ஜெயித்தாய், அதனால்தான் இன்று அங்கே இருக்கிறாய். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் அவனுக்கு எழுது. அவன் எண்ணிக்கையை விட்டானா இல்லையா?

லிஸ்ட்ரா

டெக்ஸாஸ்
2 அக்டோபர் 1975

அன்புள்ள லிஸ்ட்ரா அக்கா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கத் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பிரித்தேன்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுத வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுதினாலும் நீங்கள்தான் படிக்கப்போகிறீர்கள். ஆல்பனுக்கு எழுதினாலும் நீங்கள்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. நம் தீவில் கஜத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மீட்டருக்கு மாற இந்த வருஷம் அத்தனை பாடுபட்டோமே, இங்கே இன்னும் கஜம்தான். நானூறு மீட்டர் ஓடியவன் என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். “அது ஐரோப்பாக்காரன் ஓடறது தம்பி. இங்க நானூத்தி நாப்பது கஜத்தையும் முழுசா ஓடணும், தள்ளுபடி கிடையாது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஒத்துவரவில்லை. நானூறு மீட்டரைவிட இது இரண்டே கால் மீட்டர்தான் கூட, ஓடுகிறவனுக்கு ஒரே ஒரு காலடி. அந்த ஒரு காலடியை ஓடும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

கீழே இருப்பதை ஆல்பனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆல்பன், நான் பார்த்தேன். நீ எண்ணியது தப்பில்லை. அந்த வளைவில் பின்னாலிருந்து பெரிய காற்று அடித்தது. அது உன்னைத் தள்ளியதால் உன் காலடி நீண்டுவிட்டது. யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். இனி எண்ணாதே. நீ என்னைவிட நன்றாக ஓடினாய்.

கார்லைல்

லா ரெயின்
26 அக்டோபர் 1975

கார்லைல்,

படித்துக் காட்டினேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

முழுவதும் கேட்டான். திரும்பப் படிக்கச் சொன்னான். பிறகு, “காத்து மூஞ்சில அடிச்சுது லிஸ். மிச்சத் தூறல் கண்ணுல குத்துச்சு. அவனுக்கும் அதே காத்துதான். இவன் எதுக்கு எனக்குப் பொய் எழுதுறான்?” என்று கேட்டான். அவனே சொல்லிக்கொண்டான். “நான் ஒண்ண விட்டதை அவன் பார்த்துட்டான். சொல்ல மனசு வரல. நல்ல பையன்.”

போதுமா? இதற்கு முன் அவனுக்கு ஒரு துளி சந்தேகமாவது இருந்தது. அதையும் நீ துடைத்துவிட்டாய். அன்று காலலூ கீரைக் குழம்பு சமைத்து எடுத்துப்போனேன். நண்டு போட்டால் தட்டை நக்குகிறவன், இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகத்தைத் திருப்புவது ஒன்றுதான் அவனால் முடிகிறது. அதை இப்போது நிறையச் செய்கிறான்.

உன் இரக்கம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு நடந்தது வேண்டும். என்ன பார்த்தாய்?

லிஸ்ட்ரா

டெக்ஸாஸ்
20 நவம்பர் 1975

லிஸ்ட்ரா அக்கா,

காற்றைப் பற்றி எழுதியது பொய்தான். மன்னியுங்கள்.

அதற்கு மேல் கேட்காதீர்கள். கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவன் எழுந்து நடக்கப் போவதில்லை. நான் சொல்வதில் யாருக்கும் நல்லது நடக்காது. இதை மட்டும் நம்புங்கள்: அவன்மேல் தப்பில்லை. எப்படி என்று கேட்டால் என்னால் எழுத முடியாது.

இங்கே குளிர் வந்துவிட்டது. ஏழாவது தடை வந்தாலே என் கால் தடுமாறுகிறது. முதல் ஆறையும் பறவை மாதிரி தாண்டுகிறேன் என்கிறார் பயிற்சியாளர். ஏழாவதில் மாடு சேற்றில் இறங்குகிற மாதிரி தயங்குகிறேனாம். வசந்தத்துக்குள் சரியாகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. அதற்காக நான் அழவில்லை.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆல்பனைப் புரட்டும்போது அவர்களைக் கனமான பக்கம் நிற்கவிடாதீர்கள்.

கார்லைல்

லா ரெயின்
14 டிசம்பர் 1975

மிஸ்டர் குவாமினா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என்ன நடந்தது என்று தெரியுமாம், சொல்ல முடியாதாம். எங்கள் மாதிரி கிராமத்து ஆட்களுக்கு இந்தக் கல்லூரிப் பேச்செல்லாம் விளங்குவதில்லை.

ரம் கடையில் பேசுவது விளங்குகிறது. அங்கே என்ன பேசுகிறார்கள் தெரியுமா? “பின்னால வந்தவன் ஏன் வாயே திறக்கல? வளைவுல பாதை மாறி இடிச்சுட்டான், அதான்” என்கிறார்கள். இத்தனை நாள் அப்படிப் பேசியவர்களோடு சண்டை போட்டேன். ஒருவன் முகத்தில் மோபி பானத்தைக் குவளையோடு வீசினேன். உங்களுக்காக வீசினேன் ஐயா. இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரே பரிசுதான் இருந்தது, டெக்ஸாஸ் கல்லூரியில் ஓர் இடம். ஒருவர் அங்கே போய்விட்டார். இன்னொருவர் கட்டிலில் கிடந்து பதினாலு வரை எண்ணுகிறார். தப்பு அவர்மேல் இல்லையென்றால் வேறு யார்மேல்? அன்று அவர் பக்கத்தில் வேறு யார் ஓடினார்கள்?

கிறிஸ்துமஸுக்கு உங்கள் அம்மா கருப்பு கேக்குக்குப் பழம் ஊறப்போட்டிருக்கிறார். சோரல் பூப் பானம் காய்ச்சியாகிவிட்டது. பண்டிகைக்கு ஊரே மாற்றுகிற திரைச்சீலையை எங்கள் வீட்டில் இந்த வருஷம் மாற்றப்போவதில்லை.

லிஸ்ட்ரா பியேர்

டெக்ஸாஸ்
5 ஜனவரி 1976

லிஸ்ட்ரா அக்கா,

ரம் கடையில் பேசுவது சரி. வளைவில் நான் அவன் பாதைக்குள் போய்விட்டேன். என் தோள் அவன்மேல் பட்டது. அதனால்தான் விழுந்தான். ஜெயிக்க வேண்டும் என்று செய்தேன்.

இதை ஆல்பனுக்குப் படித்துக் காட்டுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். என் அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கார்லைல்

லா ரெயின்
15 பிப்ரவரி 1976

கார்லைல்,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் ஆல்பன் சிரித்தான். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. இருமல் வந்து, நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. “கார்லைலா? என் முதுகைப் பார்த்துக்கிட்டே ஓடினவன். அவன் தோள் என்மேல படணும்னா பறந்துல்ல வந்திருக்கணும்?” அப்புறம் சிரிப்பு நின்றது. “அவன் யாருக்காகவோ பொய் சொல்றான் லிஸ். யாருக்குன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி” என்றான்.

உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன்னை மிஸ்டர் என்று எழுதியதற்கு என்ன சொல்வது? என் வாய் அப்படி. உனக்குத் தெரியாததா.

இப்போது கேள். நான் கண்டுபிடித்துவிட்டேன். மைதானத்துக்கே போனேன். அந்த நாளுக்குப் பிறகு நான் அங்கே கால் வைத்ததில்லை. வெயில் காலத்துப் புல், தரையோடு வெட்டியிருக்கிறார்கள். வளைவில் போய் நின்றால் மூன்றாம் பாதையில் ஏழாவது தடை வைக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு சொட்டைக்கோடு. கழிவு எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி நம் காலத்தில் போட்ட கோடு. அதற்கு அப்பால் ஒரு காலடி தள்ளி, பிறகு எப்போதோ போட்ட சுண்ணாம்பில் மங்கலாக இன்னொரு கோடு. மைதானக்காரர் ராம்லோகன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்ன இது இரண்டு கோடு என்று கேட்டேன்.

“எரிச்சது பழைய நானூத்தி நாப்பது கஜத்துக்கு. எரிச்ச இடத்துல பத்து வருஷத்துக்குப் புல்லு முளைக்காது, நான் என்ன பண்றது? சுண்ணாம்புதான் புது மீட்டர் கோடு. ஓட்டம் முடியற இடம் ரெண்டுக்கும் ஒண்ணு. தொடங்குற இடத்தைத்தான் மீட்டருக்கு ஒரு காலடி முன்னால தள்ளினோம். அதனால தடை ஒவ்வொண்ணும் ஒரு காலடி தள்ளி நிக்கும்.”

கார்லைல், ஒரு காலடி. நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது தடை பழைய கோட்டில் நின்றிருக்கிறது. மற்றதெல்லாம் புதுக்கோட்டில், இது மட்டும் ஒரு காலடி முன்னாலேயே வந்து நின்றிருக்கிறது. அதனால்தான் அவனுக்குப் பதினாலில் வந்தது. அவன் எதையும் முழுங்கவில்லை. நேர்ப்பாதையாக இருந்தால் எட்டுப் பாதைகளின் தடைகளும் ஒரே வரிசையில் நிற்கும், ஒன்று பிசகினாலும் கண்ணில் படும். வளைவில் ஒவ்வொரு பாதைக்கும் தடை முன்னே பின்னே நிற்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

நீ காப்பாற்றியது இந்த ராம்லோகனைத்தான், இல்லையா? கிழவன், பிள்ளைகுட்டிக்காரன் என்று இரக்கப்பட்டிருக்கிறாய். எனக்கு இரக்கமில்லை. அங்கேயே, தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் முன்னால் கத்தினேன். “காலைல தொண்டருங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்மா. எரிச்ச கோட்டைப் பாக்காதீங்க, அது செத்த கோடு, சுண்ணாம்பை மட்டும் பாருங்கன்னு” என்கிறான். யாரிடம் சொன்னான்? நானும்தான் தொண்டர். என்னிடம் சொல்லவில்லையே. நான் அப்போது ஆல்பன் சட்டையில் எண் தைத்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொல்லத் தெரியாதவன் எதற்கு மைதானம் பார்க்க வேண்டும்?

எஸ்டேட் விளையாட்டுக் கழகத்தில் புகார் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கார்னிவல் முடிந்ததும் விசாரணை. தடை பழைய கோட்டில் நின்றதை நீ பார்த்தாய் என்று உடனே எழுதி அனுப்பு. ஆல்பனிடம் இன்னும் சொல்லவில்லை. விசாரணை முடிந்து, கழகத்தாரையே வீட்டுக்கு அழைத்து வந்து, அவன் முகத்துக்கு நேரே சொல்லச் சொல்லப்போகிறேன்: நீ எண்ணியது சரி, தப்பு செய்தவன் இவன் என்று.

அவன் ஆசைப்பட்ட மாதிரி பேர் தெரிந்துவிட்டது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன் இன்று.

லிஸ்ட்ரா

டெக்ஸாஸ்
24 பிப்ரவரி 1976

அக்கா,

இந்தக் கடிதத்தை ஆல்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்காதீர்கள். அம்மாவிடமும் படித்துக் காட்டாதீர்கள். தனியாகப் போய்ப் படியுங்கள்.

ராம்லோகன் மேல் கொடுத்த புகாரைத் திருப்பி வாங்கிவிடுங்கள். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. காலையில் அவருடைய ஆட்கள் எல்லாத் தடையையும் சுண்ணாம்புக் கோட்டில்தான் வைத்தார்கள். நான் பயிற்சிக்கு அவற்றைத் தாண்டியும் பார்த்தேன். எனக்கு எல்லாம் பதினைந்தில் வந்தது. ஆல்பனும் தாண்டிப் பார்த்தான். அவனுக்கும் பதினைந்துதான். பிறகு மழை வந்தது. சுண்ணாம்பு கரைந்துவிட்டது. எரித்த கோடு கரையாது.

மழைக்கு அப்புறம் மூன்றாம் பாதையில் விழுந்தது ஒரே ஒரு தடை. அது ஏழாவது. அதை நிமிர்த்தி வைத்தது யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் கையசைத்தேன்.

பள்ளிக்கூட நாளில் நீங்களும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஓடினீர்கள். தரையில் தெரிந்தது அது ஒன்றுதான். வேறு யார் நின்றிருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள். நானும் அங்கேதான் வைத்திருப்பேன்.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓட்டம் முடிந்து திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். நீங்கள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். தடையின் கால் பதிந்த குழி இரண்டும் எரித்த கோட்டின் மேலேயே இருந்தன. உங்கள் பாவாடையில் அந்தக் கட்டையின் சேறு இருந்தது. யாரும் வருவதற்குள் என் ஆணிக்காலணியால் அந்தக் குழிகளைத் தேய்த்து அழித்தேன். பிறகுதான் தூக்குப்படுக்கையைப் பிடிக்க வந்தேன். நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள்.

அவனுக்கு உண்மையை எழுதினால் உங்கள் வாயால் அல்லவா அதைப் படிக்க வேண்டும்? அதனால்தான் காற்று என்றேன். அதனால்தான் என் தோள் என்றேன். இன்னும் சம்மதம்தான். விழுந்த தடையை நிமிர்த்தி வைத்தவன் கார்லைல் என்று ஆல்பனிடம் சொல்லிவிடுங்கள். அவனுக்கு எண்ணிக்கை திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு அவன் இருப்பான். நான் இங்கே இருக்கிறேன், என்னை என்ன செய்ய முடியும்?

கார்லைல்

டெக்ஸாஸ்
30 மார்ச் 1976

அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அம்மாவிடமிருந்தும் இல்லை. வழக்கமாக நீங்கள்தானே எழுதித் தருவீர்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு விடுதி வாசலில் நிற்கிறேன். ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

கார்லைல்

லா ரெயின்
11 ஏப்ரல் 1976, குருத்தோலை ஞாயிறு

கார்லைல்,

திட்ட எனக்கு வாயில்லை.

உன் கடிதத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டில் தனியாகப் போக அந்த ஓர் இடம்தான். நீ பொய் சொல்கிறாய் என்று நினைக்கத்தான் முதலில் முயன்றேன். இரண்டு தடவை பொய் எழுதியவன்தானே என்று. ஆனால் அந்தப் பாவாடையை நான் இன்னும் துவைக்கவில்லை. அவன் ரத்தம் இருக்கிறது என்று எடுத்து வைத்திருக்கிறேன். விரித்துப் பார்த்தேன். மடியில் ரத்தம். அதற்குக் கீழே கட்டை அகலத்துக்கு ஒரு சேற்றுக்கறை.

கழகத்தில் போய் விசாரணை வேண்டாம், வைத்தது நான் என்று சொன்னேன். செயலாளர், “இப்ப வந்து சொன்னா எப்படி? புது ஆளைப் போட்டாச்சே” என்றார். ராம்லோகன் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “என்ன மறந்து வச்சுட்டுப் போனே, மறுபடி வந்திருக்கே?” என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

உன் பெயரைச் சொல்லச் சொன்னாயே, அதை யோசிக்காமல் இல்லை. இரண்டு வாரம் யோசித்தேன். ஊட்டும்போதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. கார்லைல்தான்டா நிமிர்த்தி வைத்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் நடந்தது வேண்டும், நடந்தது வேண்டும் என்று உன் உயிரை வாங்கியது நான். எனக்கு வந்தபோது மட்டும் வேண்டாமா?

புரட்டிப் படுக்க வைத்துவிட்டுச் சொன்னேன். உன் அம்மாவும் இருந்தார். செத்த கோடு, புதுக்கோடு, மழை, காற்று, எல்லாம் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“கட்டையைத் துடைச்சது நீதானே? நீ சொல்லியிருக்கே.”

“ஆமா.”

“அப்ப அது ஒரு காலடி முன்னாடி நின்னுச்சு.”

“ஆமாடா.”

“நான் பதினஞ்சு ஓடறதுக்கு இடமே இல்ல.”

“இல்ல.”

“என் எண்ணிக்கை சரி.”

சரி என்றேன். மறுபடி சொல் என்றான். மறுபடி சொன்னேன். உன் அம்மாவையும் சொல்லச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் கார்லைல். பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருவானே, அந்த முகம். ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான். பதினாலில் நிற்கவில்லை. பதினஞ்சு என்று சத்தமாகச் சொன்னான். நான் அழுதேன். போதும், இதற்காகத்தான் இத்தனையும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் கஞ்சி எடுத்துப்போனேன். வாயை மூடிக்கொண்டான். பசியில்லையா என்றேன். “மிஸ் எனிதைக் கூப்பிடு” என்றான். கோபமாக இல்லை, கடைக்காரரிடம் கேட்கிற மாதிரி மரியாதையாக. உன் அம்மா வந்து ஊட்டினார். சாப்பிட்டான்.

ஒரு நாள், இரண்டு நாள் என்று நினைத்தேன். அப்படியே மாதம் ஆகப்போகிறது. என் கை படவிடுவதில்லை. தலைமாட்டுப் பக்கம் உன் அம்மா நின்று புரட்டுகிறார், கால் பக்கம் நான் பிடிக்கிறேன். அங்கே அவனுக்கு உணர்வில்லை, யார் பிடிக்கிறார்கள் என்று தெரியாது. உன் அம்மாவின் முட்டி வீங்கிவிட்டது. கனமான பக்கம் நிற்கவிடாதே என்று எழுதினாயே, இப்போது அவர் அந்தப் பக்கம்தான். நான் சமைத்துக் கிண்ணத்தை அவர் கையில் கொடுக்கிறேன். யார் சமைத்தது என்று அவன் கேட்பதில்லை. ஒரு தடவை அவனிடம் கத்தினேன். நான் வேண்டுமென்றா வைத்தேன், உன் பாதைத் தடை என்றுதானே ஓடிப்போய் நிமிர்த்தினேன் என்றேன். “தெரியும் லிஸ். உன்மேல கோபமில்ல. ஆனா உன் கை பக்கத்துல வந்தா அந்தக் கட்டைதான் தெரியுது” என்றான்.

அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். அந்தப் பதினைந்தோடு சரி. வீட்டில் சத்தமே இல்லை. எண்ணிக்கொண்டிருந்த நாளில் பதினாலில் நிறுத்தியதும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பான். அப்போது அவனுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

இன்று தேவாலயத்திலிருந்து வந்ததும் உன் அம்மா சமையலறைக்கு வந்தார். ஆல்பன் உனக்குக் கடிதம் போடச் சொன்னானாம். அவரைத்தான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான், என்னையல்ல. உன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் எழுதுவது யார் என்பதும் தெரியும். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து கையில் பேனாவை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ ஏழாவது தடையில் தடுமாறுவதாக எழுதியதை அப்போதே அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அவன் சொன்னதை உன் அம்மா சொல்ல, நான் எழுதுகிறேன்.

“கார்லைல், ஆறாவது தடை வரைக்கும் நான்தான் முன்னாடி. நீ பின்னாடி. ஏழாவதை உன் கணக்குல ஒழுங்கா தாண்டு. அங்க கஜமோ மீட்டரோ, யார் வச்சிருந்தாலும், ஓடறதுக்கு முந்தி ஒரு தடவை நீயே நடந்து அளந்து பார்.”

லிஸ்ட்ரா